கோணக்கொம்பன் யார் வீட்டு ஆடு?

அத்தியாயம் 5

“இந்த ஆட்டுக்கு ஒரு கொம்பு மட்டும் ஏம்மா கோணலா இருக்கு?”

ஃபீபியின் போனில் இருந்த படத்தைப் பார்த்துக் கிரேஸி கேட்டது, மூன்று வருடமாக எல்லோரும் கேட்கிற கேள்விதான். வேறு நாளாக இருந்தால் ஃபீபி சிரித்திருப்பாள். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரவில்லை.

ஆம்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கும் ஒரு தோல் குடோனின் மதிலோரம் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். காலை ஒன்பதரைக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மதிலில் இப்போது ஆடு இல்லை. ஆடு இருந்த இடத்தில் யாரோ நீலத்தைப் பூசி, ‘முப்பதே நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று எழுதி, கீழே இரண்டு போன் நம்பர்கள் போட்டிருந்தார்கள்.

“ஆடு ‘மே’ன்னு கத்தும். இங்க படிக்கிறவன் ‘மே ஐ கம் இன்’னு கத்துவான். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல மேடம்” என்றான் முஜாஹித்.

கிரேஸி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள் அவள். ஒரு ஷூவைக் கையில் எடுத்தால் கட்டை விரலாலேயே தையலின் குறையைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பேர். அந்த வேலையை விட்ட பிறகு வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். வருகிற வேலையெல்லாம் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் ஏற்கெனவே யாரையாவது விரும்புகிறாளா என்கிற வகை. முஜாஹித் அவளுடைய உதவியாளன். முப்பது வயது, ஓட்டை ஆம்னி வேன் ஒன்று, நிற்காத வாய்.

அவர்களிடம் ஃபீபியை அனுப்பிவைத்தது தோழி ரோஷினி. “அழுதுட்டே இருந்தா ஆச்சா? டிடெக்டிவ்தானே வேணும்? ஒரு ஆன்ட்டி இருக்காங்க, நம்பர் தர்றேன். போய்ப் பாரு” என்று தோளில் தட்டிச் சொன்னவள் அவள்தான்.

ஃபீபிக்கு இருபத்தேழு வயது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஃபீபி வாரம் முழுக்க மருத்துவப் புத்தகங்களுக்குக் கல்லீரலும் கிட்னியும் வரைவாள். சனிக்கிழமையானால் சுவர். அவளோடு ரோஷினி, ஹரிஹரன், கார்முகிலன். நான்கு பேருக்கும் ‘சனிக்கிழமைச் சுவர்’ என்று ஒரு வாட்ஸப் குழு. வரைந்ததைப் போடுவார்கள், எங்கே கண்காட்சி என்று சொல்லுவார்கள், ஒருத்தருக்கு வந்த சில்லறை வேலையை இன்னொருத்தருக்குத் தள்ளிவிடுவார்கள். ரோஷினி கல்யாண மண்டபங்களில் உட்கார்ந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கேயே படமாக வரைந்து தருவாள். ஹரிஹரன் பாடப் புத்தகங்களுக்குப் படம் போடுவான். கார்முகிலன் எழுத்துக்காரன். கடைப் பலகை, ஷட்டர், சுவர், எதைக் கொடுத்தாலும் எழுதுவான்.

அந்த நாலு பேரின் முதல் சுவர் இது. இங்கேதான் கோணக்கொம்பன் பிறந்தான். மஞ்சள் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டு, இரண்டு காலில் நடக்கிற ஆடு. அதற்குப் பிறகு வேலூரிலிருந்து ஜோலார்பேட்டை வரை பதினான்கு சுவர்களில் அவனை ஃபீபி நடக்கவிட்டாள். பேர் வைத்தது ஊர்ப் பிள்ளைகள்.

அடுத்த மாதம் சென்னையில் ஓவியர் சந்தை. நான்கு பேருக்கும் படம் விற்க ஆளுக்கொரு மேசை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஃபீபிக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த ஆட்டுப் படம் ஒரு காலணிக் கம்பெனிக்குச் சொந்தம். அதை எடுத்து உங்களுடையது என்று காட்டுவது திருட்டு. உங்கள் மேசை ரத்து. ஆதாரத்துக்கு ஒரு காகிதத்தை இணைத்திருந்தார்கள். அதில் மஞ்சள் மழைக்கோட்டு, பூட்ஸ், கோணல் கொம்பு, கீழே ‘துள்ளல்’ என்று பிள்ளைகள் காலணியின் பேர். ஓரத்தில் ஒரு தேதி. ஃபீபி இந்தச் சுவரில் வரைந்ததற்கு ஆறு மாதம் முந்தைய தேதி. வரைந்தவர் பேர் எங்கேயும் இல்லை.

கிரேஸி மதிலை விரலால் தடவிக்கொண்டே போனாள். ‘முப்பதே’ என்பதற்கு மேலே, சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நின்ற ஒரு இரும்புக் கொக்கியில் அவள் கை நின்றது.

“இது அப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சு ஆன்ட்டி. ஏதோ ஒயர் போறதுக்கு அடிச்சது. புடுங்கிப் பார்த்தோம், வரல. நேரா போட்டா கொம்பு அது மேலதான் போவும். அதனால சுத்தி வளைச்சு விட்டேன். அப்புறம் பார்க்க நல்லா இருக்கேன்னு எல்லாச் சுவத்துலயும் அப்படியே போட்டேன்.”

கிரேஸி கைப்பையிலிருந்து அச்செடுத்த காகிதத்தை விரித்தாள்.

“இதுல கொக்கி எங்க?”

ஃபீபி பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

“ஒரு கோணலுக்குக் காரணம் இருந்தா அது டிசைன். காரணம் இல்லன்னா அது டிஃபெக்ட்” என்றாள் கிரேஸி. “சுவத்துல கொக்கி இருந்துச்சு, வளைஞ்சுது. வெறும் காகிதத்துல யாருக்குப் பயந்து வளையணும்? இத வரைஞ்சவங்க உன் ஆட்டப் பார்த்துதான் வரைஞ்சிருக்காங்க. தேதி பொய்.”

திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக ஃபீபி நன்றாக மூச்சு விட்டாள். உடனே சென்னைக்குப் போன் போடலாமா என்று கேட்டாள்.

“போட்டா, ‘எங்க ஆடு பொறக்கும்போதே கோணல், உங்க கொக்கி அதுக்குத் தோதா மாட்டிக்கிச்சு’ன்னு சொல்லுவாங்க” என்றான் முஜாஹித். “அவங்ககிட்ட வக்கீல் இருப்பாரு. நம்மகிட்ட ஒரு கொக்கிதான் இருக்கு.”

“சரியாத்தான் சொல்றான், அபூர்வமா” என்றாள் கிரேஸி. “வரைஞ்ச கை யாருதுன்னு தெரியணும். வா, டீ குடிச்சிட்டே பார்க்கலாம்.”

டீக்கடை பெஞ்சில் காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு கிரேஸி அரை மணி நேரம் அதையே பார்த்தாள். முஜாஹித் இரண்டு டீயும் மூன்று பிஸ்கட்டும் முடித்தான். பிறகு அவள் ஆட்டின் காலில் விரலை வைத்தாள்.

“இடது பூட்ஸ் எங்க?”

காகிதத்தில் வலது பூட்ஸ் முழுசாக இருந்தது. இடது பூட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொத்துப் புல். மொத்தப் படத்திலும் வேறெங்கும் புல் கிடையாது.

“கொக்கி மாதிரிதான் இதுவும். வரைஞ்சவங்க பார்த்த படத்துல அந்தக் கால் தெரியல. என்ன இருக்குன்னு தெரியாததால புல்லப் போட்டு மூடிட்டாங்க. கால் தெரியாத போட்டோ எதாச்சும் இருக்கா?”

ஃபீபி போனைத் திறந்தாள். இன்ஸ்டாகிராமில் போட்ட படங்கள் எல்லாவற்றிலும் இரண்டு பூட்ஸும் பளிச்சென்று இருந்தன. ‘சனிக்கிழமைச் சுவர்’ குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டு மூன்று வருடம் பின்னால் போனாள். முதல் சனிக்கிழமை. வண்ணம் காய்வதற்குள் எடுத்த முதல் படம். ஆட்டின் முன்னால் ஒரு பெயின்ட் வாளி. வாளிக்குப் பின்னால் இடது பூட்ஸ் சுத்தமாக மறைந்திருந்தது.

அவள் போனைப் பெஞ்சில் வைத்தாள்.

“இது யார் எடுத்தது?” என்றாள் கிரேஸி.

“முகிலு. கார்முகிலன். வாளி மறைக்குதுன்னு ரோஷினி அவனத் திட்டினா. அப்புறம் வேற எடுத்துதான் வெளிய போட்டோம். இது குரூப்புல மட்டும்தான் இருக்கு.”

“குரூப்புல எத்தன பேரு?”

“நாலு பேரு.”

“உன்னக் கழிச்சா?”

முஜாஹித் கண்ணாடித் தம்ளரின் அடியைப் பார்த்தான்.

வெளியாள் என்றுதான் அவள் மூன்று நாளாக நினைத்திருந்தாள். ஏதோ ஒரு ஏஜென்சி, ஏதோ ஒரு கம்ப்யூட்டர், முகம் இல்லாத யாரோ. முகம் இல்லாதவனைத் திட்டுவதில் ஒரு வசதி இருந்தது.

“அந்தக் கம்பெனி உங்ககிட்ட வந்துச்சா எப்பயாச்சும்?”

“வந்துச்சு.” ஃபீபி கஷ்டப்பட்டுச் சொன்னாள். “போன வருஷம் ஆகஸ்ட். ரோஷினிக்குத் தெரிஞ்சவங்க மூலமா. பசங்க ஷூவுல போட கோணக்கொம்பன் வேணும், அப்புறம் எல்லாருக்கும் தொடர்ந்து வேலை தர்றோம்னாங்க. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். ஆட்டுத் தோல்லயே என் ஆட்ட வரையணுமான்னு கேட்டேன். குரூப்புல எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. சூப்பர் ஃபீபின்னாங்க. அதோட முடிஞ்சுது.”

“ம்” என்றாள் கிரேஸி. “இப்ப இந்தக் காகிதத்துல உனக்குத் தெரிஞ்ச கை எதாச்சும் இருக்கா, பாரு. நிதானமாப் பாரு.”

நிதானமாகப் பார்க்கத் தேவையே இல்லை. திங்கட்கிழமையே அது அவள் கண்ணில் பட்டிருந்தது. பட்டதை அவள் பார்க்க மறுத்திருந்தாள், அவ்வளவுதான். ‘துள்ளல்’ என்ற எழுத்தில் இரண்டு புள்ளிகள். இரண்டும் வட்டம் இல்லை.

“முகிலு புள்ளி வைக்கிறப்போ உருட்ட மாட்டான்” என்றாள். “பட்டை பிரஷ்ஷ ஒரே அழுத்து அழுத்தி எடுப்பான். பர்ஃபி துண்டு மாதிரி விழும். நம்ம ஊர்ப் பக்கம் வேற யாரும் அப்படி வைக்கிறதில்ல. புல்லும் அவன் இழுப்புதான். கீழருந்து மேல.”

“இப்ப எங்க இருப்பான்?”

“குடியாத்தத்துல. ஒரு லுங்கிக் கம்பெனிச் சுவர் எழுதறான். காலைல குரூப்புல போட்டோ போட்டான்.” அந்தப் படத்துக்கு அவள் ஒரு ஹார்ட் போட்டிருந்தாள். அதைச் சொல்லவில்லை.

ஆம்னி பேரணாம்பட்டு வழியாகக் குலுங்கிக்கொண்டு போனது. முஜாஹித் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு எம்.எல்.ஏ. பேரை வைத்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் ரோஷினியிடமிருந்து செய்தி வந்தது. ‘இன்னா ஆச்சுடி? எதாச்சும் தெரிஞ்சுதா? சாப்ட்டியா?’

ஃபீபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த உலகத்தில் யாரிடமாவது இதைச் சொல்லி அழ வேண்டும் என்றால் அது ரோஷினிதான். ‘முகிலுடி’ என்று தட்டினாள்.

“அனுப்பாத” என்றாள் கிரேஸி, முன் சீட்டிலிருந்து திரும்பாமலே.

“ரோஷினிதான் ஆன்ட்டி.”

“தெரியும். அப்புறமா அனுப்பு.”

ஃபீபி அழித்தாள். ‘சாப்ட்டேன்’ என்று மட்டும் அனுப்பினாள்.

குடியாத்தத்தில் விசைத்தறிச் சத்தம் தெரு முனையிலேயே ஆரம்பித்துவிட்டது. தறிக்கூடத்தின் நெடிய முன்சுவரில் சவுக்குச் சாரம் கட்டியிருந்தது. மேலே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு கார்முகிலன் உட்கார்ந்திருந்தான். ஆள் உயரத்துக்கு நான்கு எழுத்துகள் முடிந்திருந்தன. ஐந்தாவதில் பாதி.

“ஏய் ஃபீபி!” என்று கையை ஆட்டினான். முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு அவள் பக்கத்தில் நின்ற கிரேஸியைப் பார்த்தான். கிரேஸியின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு, மெதுவாக இறங்கி வந்தான்.

வழியெல்லாம் ஃபீபி என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அவன் இல்லை என்பான், அவள் புள்ளியைக் காட்டுவாள், அவன் கத்துவான். அவள் காகிதத்தை நீட்டினாள்.

“முகிலு, இது உன் புள்ளி.”

“ஆமா” என்றான் அவன்.

அவ்வளவு சுலபமாக அது முடிந்துபோகும் என்று ஃபீபி நினைக்கவில்லை.

“ஏன்டா?”

“எழுத்து என்னுது. புல்லு என்னுது” என்றான் கார்முகிலன், தரையைப் பார்த்துக்கொண்டு. “ஆடு என்னுது இல்ல ஃபீபி.”

“ஆட்டுக்குப் புல்லு மட்டும் போட்டீங்களா?” என்றான் முஜாஹித். “நல்ல மனசு பாஸ்.”

“முஜாஹித்” என்றாள் கிரேஸி. அவன் வாயை மூடினான்.

கிரேஸி காகிதத்தைச் சாரத்தின் கட்டை மேல் வைத்து விரித்தாள். அவள் பேச்சில் அவசரம் இல்லை. தொழிற்சாலையில் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

“ஒரு ஷூவ ஒரே ஆளு தைக்கிறதில்லம்மா. வெட்டறது ஒரு ஆளு, தைக்கிறது ஒரு ஆளு, அச்சுல இழுத்து மாட்டறது ஒரு ஆளு. பத்தொன்பது வருஷம் அதத்தான் பார்த்தேன். ஒரு ஷூவக் கையில எடுத்தா எத்தன கை பட்டிருக்குன்னு தெரியும். இந்தக் காகிதத்த டீக்கடையில பார்த்தப்பவே தெரிஞ்சுது. இது ஒரு கை இல்ல.”

ஃபீபி அவளையே பார்த்தாள்.

“இந்த மழைக்கோட்டு மடிப்புல நிழல் கோடு பாரு. எல்லாம் ஒரே பக்கம் சாயுது, வலது கைக்காரங்க போடற சாய்வுக்கு நேர் எதிரா. உங்க நாலு பேருல எடது கை யாரு?”

“ஹரி” என்றாள் ஃபீபி.

“கண்ணுல ரெண்டு வெள்ளப் பொட்டு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. உன் ஆட்டுக்கு வெறும் கருப்புக் கண்ணுதான். கல்யாணப் பொண்ணுங்களுக்கு இந்த மாதிரி ஈரக் கண்ணு வைக்கிறது யாரு?”

தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன. அந்தக் கண்ணை ஃபீபிக்குத் தெரியும். நூறு மணப்பெண்களின் முகத்தில் பார்த்திருக்கிறாள். அவள் அம்மாவின் படத்தில்கூட அதே கண். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

“ரோஷினி இல்ல” என்றாள். “ரோஷினி இல்ல ஆன்ட்டி. அவதான் உங்ககிட்டயே அனுப்பினா.”

கார்முகிலன் இடுப்பிலிருந்து போனை எடுத்து, திறந்து, அவளிடம் நீட்டினான்.

திரையில் ஒரு குழு. பேருக்குப் பக்கத்தில் ஒரு கேக் படம். பேர், ‘ஃபீபி பர்த்டே’.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தன் பேரில் ஒரு குழு. அதில் மூன்று பேர். தான் இல்லை. மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஆரம்பித்த நாள், போன ஆகஸ்ட் இருபத்தெட்டு. அவளுடைய பிறந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு. அந்த வருடம் அவர்கள் அவளை எதுவும் சொல்லாமல் ரயிலேற்றி ஜோலார்பேட்டைக்குக் கூட்டிப் போய், பிளாட்பாரத்தில் வைத்து கேக் வெட்டினார்கள். டீ விற்கிறவரும் போர்ட்டர்களும் சுற்றி நின்று பாடினார்கள். அவளுக்குக் கிடைத்ததிலேயே நல்ல பிறந்த நாள். அதை இங்கேதான் திட்டம் போட்டிருந்தார்கள். கேக்குக்கு என்ன நிறம், யார் பொய் சொல்லி அழைத்து வருவது, பலூன் ரயிலில் வெடிக்காதா. அவளுக்குச் சாக்லேட் கேக்கைவிட அன்னாசிதான் பிடிக்கும் என்று எழுதியிருந்தது ரோஷினி.

பிறந்த நாள் முடிந்து மூன்றாம் நாள், அதே குழுவில்:

ரோஷினி: ‘கம்பெனி திரும்பக் கூப்ட்டாங்க. ஃபீபிதான் வரையணும்னு இல்லையாம். ஆடு அதே ஆடா இருந்தா போதுமாம்.’

ஹரிஹரன்: ‘அவகிட்ட இன்னொரு தடவ கேட்டுப் பார்க்கலாமா?’

ரோஷினி: ‘வேணாம். மறுபடியும் முடியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் நம்மால பண்ணவே முடியாது.’

கார்முகிலன் அதற்கு ஒரு கட்டை விரல் போட்டிருந்தான்.

பிறகு பென்சில் கோடு, நிழல் போட்டது, எழுத்து வைத்தது, ஒவ்வொரு கட்டமும் படம் படமாக. எல்லாம் போன செப்டம்பர். ‘கால் தெரியலயே, என்ன பண்றது?’ என்று ரோஷினி கேட்டிருந்தாள். ‘புல்லு போட்றேன்’ என்று கார்முகிலன். டிசம்பரில் ஹரிஹரன்: ‘பழைய தேதி போட்டுக் குடுக்கச் சொல்றாங்க. ரெக்கார்டுக்குத்தானாம். போட்டுட்டேன்.’

கடைசியாக இந்தத் திங்கட்கிழமை.

ஹரிஹரன்: ‘சந்தையில அவ மேசய கேன்சல் பண்ணிட்டாங்களாம். கம்பெனி பண்ண வேலை. நாம எதாச்சும் சொல்லணுமா?’

ரோஷினி: ‘சொன்னா நம்ம மூணு மேசயும் போவும். சும்மா இருங்க. அவ டிடெக்டிவ் வைக்கணும்ங்கறா. நானே ஒரு நம்பர் குடுத்துட்டேன். கல்யாண விசாரணை பண்ற ஆன்ட்டி. அவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது.’

முஜாஹித் ஃபீபியின் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டான். “மேடம், நம்மள நம்பி ஒருத்தங்க கேஸ் அனுப்பியிருக்காங்க. என்னா நம்பிக்க!” என்றான். ஆனால் அதில் வழக்கமான உற்சாகம் இல்லை.

ஃபீபி போனைத் திருப்பிக் கொடுக்காமலே நின்றாள்.

“என்னக் கேட்டிருக்கலாம்ல முகிலு?”

“கேட்டா நீ முடியாதுன்னு சொல்லியிருப்ப.”

“ஆமா.”

“அதான்” என்றான் அவன். அப்புறம் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தான். “நீ வேணாம்னு சொன்னா எல்லாரும் கை தட்றாங்க ஃபீபி. நான் வேணாம்னு சொன்னா வேற ஆளு வந்து எழுதிட்டுப் போறான். நீ வேணாம்ங்கற வேலை எல்லாம் எங்களுக்கும் வேணாம்னு ஆயிடுமா? அந்த ஹார்ட் போட்டப்போ எனக்கு எவ்ளோ பேஜாரா இருந்துச்சு தெரியுமா?”

“அத அப்பவே சொல்லியிருக்கலாம். சண்ட போட்டிருக்கலாம்.”

“போட்டிருக்கலாம்.”

“என்னத் திருடின்னு சொல்லிட்டாங்கடா. திங்கக்கிழமைலருந்து எங்க அம்மா சரியா சாப்பிடல. நீ காலைல எனக்கு குட்மார்னிங் போட்ட.”

கார்முகிலன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். வெயிலுக்குத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“யாராச்சும் ஒருத்தர் சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்” என்றான். “மூணு பேரும் அப்படித்தான் நெனச்சிருப்போம்.”

கிரேஸி ஃபீபியின் பக்கம் திரும்பினாள். “இதுல எல்லாமே இருக்கு. வரைஞ்ச மாசம், பொய்த் தேதி, கம்பெனி சொன்னது. சந்தைக்காரங்களுக்கு அனுப்பிட்டா உன் பேரு சுத்தமாயிடும். ஆனா இவங்க மூணு பேரு மேசையும் போவும். அப்புறம் யாரும் எந்தக் கண்காட்சிக்கும் கூப்பிட யோசிப்பாங்க. உனக்கு இஷ்டம் இல்லன்னா கொக்கியையும் பூட்ஸையும் மட்டும் வச்சு வாதாடலாம். கொஞ்சம் கஷ்டம், ஆனா முடியாதுன்னு இல்ல.”

ஃபீபி கார்முகிலனைப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் எடுத்துக்கோ” என்றான் அவன். “என் பேர மட்டும் மறைச்சிடாத. பாவம் பார்த்த மாதிரி ஆயிடும். அது வேணாம்.”

அவள் ஒவ்வொரு திரையாகத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். கேக் பற்றிய பேச்சு வந்த இடத்தை மட்டும் எடுக்கவில்லை. அது எந்த வழக்குக்கும் தேவையில்லை. தறிக்கூடத்து வேப்ப மர நிழலில் நின்று, கிரேஸி சொல்லச் சொல்ல மின்னஞ்சலை எழுதினாள். மூன்று பேரின் பேரையும் முழுசாக எழுதினாள். அனுப்பு என்ற இடத்தில் விரலை வைத்தபோது ஒரு கணம் நின்றாள். பிறகு அழுத்தினாள்.

வேன் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். கார்முகிலன் மறுபடி சாரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். பிரஷ்ஷைத் தொடவில்லை.

பள்ளிகொண்டா தாண்டியதும் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. சந்தையை நடத்துகிற பெண்மணி. மன்னிப்புக் கேட்டார். ஃபீபியின் மேசை திரும்பி வந்தது. மற்ற மூன்று மேசைகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. கம்பெனிக்கு அவர்களே விளக்கம் கேட்டு எழுதப் போகிறார்களாம். “உங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்” என்றார். “ஆமா மேடம்” என்றாள் ஃபீபி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அம்மா, “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்று அழுதாள். “ரோஷினிகிட்ட சொல்லிட்டியா? அந்தப் புள்ளயும் எவ்ளோ கவலப்பட்டுச்சு” என்றாள். ஃபீபி, சாப்பிடும்மா என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச தூரம் போனதும் முஜாஹித், “ஃபீபி மேடம், நம்ம வேன் பின்னாடி காலியா கீது. ஆடு ஏத்தற அளவுக்கு எடம் இருக்கு” என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான் என்பது அவளுக்குப் புரிந்தது. உதடு கொஞ்சம் அசைந்தது. அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வேலூர் கோட்டை அகழி ஓரம் சிக்னலில் நிற்கும்போது போன் மறுபடி ஒலித்தது. திரையில் ரோஷினியின் படம். நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிற படம், ஃபீபி எடுத்ததுதான்.

“எடுக்கணும்னு இல்ல” என்றாள் கிரேஸி.

ஃபீபி எடுத்தாள். போனில் ஒரு கல்யாண மண்டபத்தின் இரைச்சல் வழிந்தது.

“ஏய், இன்னாடி நீ? ‘சாப்ட்டேன்’னு ஒரு வார்த்த போட்டுட்டு அப்புறம் ஆளையே காணோம். நான் இங்க பயந்துட்டு கெடக்கறேன். உங்க டிடெக்டிவ் ஆன்ட்டி எதாச்சும் கண்டுபிடிச்சாங்களா?”

“கண்டுபிடிச்சிட்டாங்க.”

“நிஜமாவா? யாருடி?”

“நீங்கதான்.”

ரோஷினியின் சிரிப்பு வந்தது. எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு.

“இன்னாடி இது, புதுசா நீங்க வாங்கன்னு மரியாதையெல்லாம் ஜாஸ்தியா இருக்கு?”

“மரியாதை இல்ல ரோஷினி” என்றாள் ஃபீபி. “மூணு பேரு.”

சிரிப்பு நின்றது. மண்டபத்தில் யாரோ ரோஷினியின் பக்கத்தில் வந்து, “மேடம், பொண்ணு மாப்ள உக்காந்துட்டாங்க, ஆரம்பிக்கலாம்” என்று சொல்வது கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. சிக்னல் பச்சைக்கு மாறி, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஃபீபி போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மௌனத்தைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.